முதல் நாளே ஒழுங்காக உட்கார்ந்தவள்

அந்த ஆஸ்பத்திரிக்கு யார் வந்தாலும் முதலில் படம் எடுப்பார்கள். குளியல், சீப்பு, மாற்றுத்துணி எல்லாம் அதற்குப் பிறகுதான். "வந்த கோலத்திலேயே எடுக்கணும், முகத்துல நோய் தெரியறது அப்பதான்" என்பது பெரிய டாக்டரின் உத்தரவு. இரண்டு நாள் மாட்டுவண்டியில் உருண்டு, வழியில் தப்பிக்கப் பார்த்து அடி வாங்கி, சாப்பிடாமல், தூங்காமல், இரண்டு மச்சான்கள் இரண்டு கையைப் பிடித்துக்கொண்டிருக்க, ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நாற்காலியில் அமுக்கி, மடியில் நம்பர் எழுதிய சிலேட்டை வைத்து, "அசையாதே" என்று அதட்டினால் யார் முகத்தில்தான் நோய் தெரியாது? பெரிய டாக்டரையே அப்படிக் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தால் ஒரு மாதம் உள்ளே வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருப்பார்கள்.

ஆனால் இந்தக் கதைக்கு உரியவள் அப்படி வரவில்லை. அவளை அவளுடைய அண்ணன், "புது லென்ஸ் ஒண்ணு பாக்கப் போறோம், நீயும் வந்து சொல்லு" என்று ஏமாற்றிக் கூட்டிவந்திருந்தார். லென்ஸ் பார்க்கப் போகிறவள் எப்படிப் போவாளோ அப்படி வந்தாள். தலை வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, துவைத்த துணி உடுத்தி வந்தாள். கேட்டுக்குள் நுழைந்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. கத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது காமிரா கண்ணில் பட்டது. அந்த இடத்திலேயே அவளுக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான். மனம் கொஞ்சம் அமைதியானது.

"நாற்காலி சுவரை ஒட்டி இருக்கு. நிழல் விழும்," என்றாள் படக்காரரிடம்.

"உட்காரும்மா."

"ரெண்டு முழம் முன்னாடி இழுத்தா விழாது." சொல்லிவிட்டு அவளே இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தாள். தாடையைக் கொஞ்சம் இறக்கினாள். லென்ஸை நேராகப் பார்க்காமல் அதன் காதோரம் பார்த்தாள். பாதி மூச்சை விட்டு மீதியைப் பிடித்துக்கொண்டு, நான்கு எண்ணும்வரை கல்லாக இருந்தாள்.

படக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து அவளை ஒரு மாதிரி பார்த்தார். பத்து வருஷத்தில் அந்த நாற்காலியில் அப்படி உட்கார்ந்தவர்கள் யாருமில்லை. அன்றைக்கு அவள் செய்த ஒரே தப்பு அதுதான். அது தப்பு என்று அவளுக்குத் தெரிய ஒன்பது மாதம் ஆனது.

அவள் வேலை ரீடச். அண்ணனுடைய போட்டோக் கடையின் பின்னறையில், ஜன்னலோரமாக, சாய்வு மேஜை முன்னால் பதினாறு வருஷம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் தட்டில் இருக்கும் நெகட்டிவைச் சட்டத்தில் செருகி, கீழே கண்ணாடி வைத்து வெளிச்சத்தை மேலே திருப்பி, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பையும் சுருக்கத்தையும் ஒவ்வொரு புள்ளியாக மூட வேண்டும். தட்டில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுக்கும். கறுக்க வேண்டுமானால் குட்டிக் கத்தியால் மேல்பூச்சைச் சுரண்ட வேண்டும். முடியைச் சுரண்டிச் சேர்க்கலாம், வயதைப் பென்சிலால் குறைக்கலாம். நகரத்தின் பாதிப் பேர் அவள் தயவில்தான் பார்க்கும்படி இருந்தார்கள். ஒருவரும் நன்றி சொன்னதில்லை. தங்கள் முகமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, மரக்கடைப் பெரியவர் சாகும்வரை. பெரியவரின் பிள்ளைகள் வந்து, அப்பா எப்போதோ எடுத்துக்கொண்ட படத்தைப் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னார்கள். அண்ணன் அலமாரியிலிருந்து தட்டை எடுக்கும்போது கை நழுவி அது நாலு துண்டானது. அவர் கொஞ்ச நேரம் துண்டுகளைப் பார்த்தார். பிறகு அலமாரியைத் துழாவி வேறொரு தட்டை எடுத்தார். அது ஒரு தபால்காரருடையது. காது மட்டும் பெரியவர் காது போலவே இருந்தது.

"மீசையைக் கொஞ்சம் அடர்த்தியாக்கு. கன்னத்துல மச்சம் வை. சட்டைப் பட்டனை மறைச்சிடு," என்றார் தங்கையிடம்.

"அண்ணா, இது வேற ஆளு."

"காது அதேதானே?"

அவள் செய்துகொடுத்தாள். பிள்ளைகள் படத்தைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். மரக்கடைக் கூடத்தில் மாட்டினார்கள். அந்தத் தபால்காரர் தினம் அங்கே கடிதம் கொண்டுவருகிறவர். மூன்று வருஷம் தன் படத்துக்குக் கீழேயே நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வருஷம் அவர் ஓய்வு பெற்று, நினைவுக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளக் கடைக்கு வந்தார். புதுத் தட்டைச் சட்டத்தில் செருகிப் பார்த்தாள், மரக்கடையில் மாட்டியிருக்கும் அதே முகம். நேரே மரக்கடைக்குப் போனாள். "இது உங்க அப்பா இல்ல. தபால்காரர். நான்தான் மச்சம் வெச்சேன்," என்றாள்.

பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு கோபப்பட்டார்கள். "எங்க அப்பா மொகம் எங்களுக்குத் தெரியாதா?" என்றான் மூத்தவன். தபால்காரரையே கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வந்து படத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "பெரியவரேதாங்க. தினம் பாத்த மொகம், எனக்குத் தெரியாதா?" என்றார்.

அன்றைக்குப் பிறகுதான் அவளுக்கு எதன் மேலும் நம்பிக்கை இல்லாமல் போனது. முதலில் தன் கண்ணைச் சந்தேகப்பட்டாள். பிறகு மற்றவர்கள் கண்ணை. வீடு வீடாகப் போய்க் கூடத்துப் படத்தையும் அதன் சொந்தக்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு வாத்தியார் வீட்டில், "இது உங்க மூக்கு இல்ல சார், நான் போட்டது," என்றாள். வாத்தியார் கண்ணாடியில் பார்த்துவிட்டு அன்று முழுவதும் சாப்பிடவில்லை. கடைக்கு ஆள் வருவது குறைந்தது. அண்ணன் ஒரு டாக்டரைப் பார்த்துச் சான்று வாங்கினார். 'காண்பதையெல்லாம் சந்தேகிக்கிறார்' என்று அதில் எழுதியிருந்தது. அவள் சொன்னது உண்மைதானா என்று யாராவது கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. உடைந்த தட்டு எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது.

வார்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் விழுந்தது. கஞ்சியை முகர்ந்து பார்ப்பாள். போர்வையைத் திருப்பிப் பார்ப்பாள். சாப்பாட்டுக்குப் பிறகு மேட்ரன் கரண்டிகளை எண்ணினால், இவள் மேட்ரனின் சாவிகளை எண்ணுவாள்.

"நேத்து பதினொண்ணு இருந்துச்சு. இன்னிக்குப் பத்து," என்பாள்.

"ஒண்ணு வீட்டுச் சாவிடி. இன்னிக்கு வீட்டுக்காரர் வீட்ல இருக்காரு," என்பாள் மேட்ரன்.

"ஓ" என்பாள். நம்பவில்லை என்பது அந்த 'ஓ'விலேயே இருக்கும்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்கு மணியம்மா என்று பெயர். நாள் முழுக்க மணி கேட்பாள். வேறெதுவும் அதிகம் பேசமாட்டாள். தன்னை வேவு பார்க்க மணியம்மாவை அண்ணன்தான் அனுப்பியிருக்கிறார் என்பது பூதக்கண்ணாடியின் முடிவு.

"மணி என்ன?"

"எதுக்கு? யாருக்குச் சொல்லணும்?"

"யாருக்கும் இல்ல. சும்மா."

"சும்மா கேக்கறவங்க ஒரு தடவ கேப்பாங்க. நீ காலையிலேர்ந்து பதினாலு தடவ கேட்டிருக்க."

மணியம்மா அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அதையா எண்ணிட்டிருக்க? பாவம்டி நீ. உனக்கு ரொம்ப முத்திப் போச்சு."

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே போக ஒரே வழிதான் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர்கள் மூன்று பேர் ஒரு நீள மேஜையில் உட்காருவார்கள். அதற்கு முந்தின வாரம் எல்லோரையும் மறுபடி படம் எடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஆல்பத்தில் ஒரு பக்கம் உண்டு. இடப்பக்கம் வந்த அன்று எடுத்த படம், வலப்பக்கம் புதுப் படம். இரண்டையும் பார்த்து வித்தியாசம் தெரிந்தால்தான் ஆளையே உள்ளே கூப்பிடுவார்கள். நூற்றைம்பது பேரை நேரில் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க டாக்டர்களுக்கு ஏது நேரம்? முகம் பேசும், அது போதும் என்பது பெரிய டாக்டரின் கொள்கை. அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதிக்கொண்டிருந்தார்.

முதல் தடவை பூதக்கண்ணாடியைக் கூப்பிடவில்லை. இரண்டாம் தடவையும் கூப்பிடவில்லை. அண்ணன் யாரையோ கைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள். பிறகு மேட்ரன் தன் பெயரை மறைக்கிறாள் என்று நினைத்தாள். மூன்றாம் தடவை மணியம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து மூட்டையைக் கட்ட ஆரம்பித்தாள்.

"உள்ள என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல. நான்தான் மணி என்னன்னு கேட்டேன். சொன்னாங்க. போகலாம்னாங்க."

"அவ்ளோதானா?"

"மூணே கால்னு சொன்னாங்க," என்றாள் மணியம்மா. போகும்போது தன் சீப்பை இவள் தலையணையில் வைத்துவிட்டுப் போனாள். வேவுக்காரி எதற்குச் சீப்பை விட்டுப் போக வேண்டும்? அந்தச் சீப்பை இரண்டு நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சீப்பில் ஒன்றும் இல்லை. அதன் பிறகு கொஞ்சம் அழுதாள்.

அடுத்த வாரம் படக்காரர் வார்டுக்கு வந்தார். பெரிய டாக்டரின் புத்தகத்துக்கு நூறு படம் தயாராக வேண்டும், பழைய தட்டுகளில் பூஞ்சைப் புள்ளி விழுந்திருக்கிறது, ரீடச் செய்ய ஆள் வேண்டும் என்றார்.

"எனக்கு அந்த வேலை தெரியும்னு யாரு சொன்னா?" என்று கேட்டாள் பூதக்கண்ணாடி.

"நீங்கதான் சொன்னீங்க. மொத நாளு. நாற்காலிய இழுத்துப் போட்டப்ப."

"நான் அப்ப வேலையப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லித்தான் தெரியணுமா?" என்றார் படக்காரர். நடுவயது, பேச்சு குறைவு, விரல் நகமெல்லாம் மருந்துக் கறை. 'நீ'யிலிருந்து 'நீங்க'வுக்கு அவர் எப்போது மாறினார், ஏன் மாறினார் என்பதை அன்று முழுவதும் யோசித்தாள். வேலை கிடைக்கிறதே என்று போனாள்.

படக்காரரின் அறையில் ஒரு ஜன்னல், ஒரு சாய்வு மேஜை, சுவர் முழுக்கத் தட்டு அடுக்கிய மரச்சட்டம், பின்னால் கறுப்புத் திரை போட்ட இருட்டறை. அவளுக்கு ஒரு பென்சில் கொடுத்தார். அதைக்கூட அவரே சீவித் தருவார். நோயாளி கையில் கத்தி இருக்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரியின் சட்டங்களிலேயே பெரியது. ஒருத்தி ஊக்கு வைத்திருந்ததற்கே பூட்டு வார்டுக்குப் போய் இரண்டு வருஷமாகிறது, இன்னும் திரும்பவில்லை.

மூன்றாம் நாள், படக்காரர் இருட்டறையில் இருந்தபோது, ஆல்பத்தைத் திறந்தாள்.

மணியம்மாவின் பக்கம் முதலில் வந்தது. இடப்பக்கத்து மணியம்மாவை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. தலைமுடி முகத்தில் விழுந்து, உதடு வீங்கி, தோளில் யாரோ ஒருவருடைய கை. வலப்பக்கத்தில் தலை வாரி, கைகளை மடியில் வைத்திருக்கிறாள். கீழே பெரிய டாக்டரின் கையெழுத்தில் 'நல்ல முன்னேற்றம்'. பக்கம் பக்கமாகப் புரட்டினாள். இடப்பக்கமெல்லாம் புழுதி, வலப்பக்கமெல்லாம் சோப்பு. ரீடச்காரியின் கண்ணுக்கு அந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் தெரிந்தது ஒரு வாளி வெந்நீரும் ஒரு சீப்பும்தான். குணமாகிப் போனவர்களும் இருந்திருக்கலாம், ஆனால் அது படத்தில் தெரிகிற சங்கதி இல்லை.

தன் பக்கத்துக்கு வந்தாள்.

இடப்பக்கம் தலை வாரி, தாடை இறக்கி, லென்ஸின் காதோரம் பார்த்து அமைதியாக உட்கார்ந்திருந்தாள். வலப்பக்கமும் அதே. உடுப்பு மட்டும்தான் மாறியிருந்தது. கீழே மூன்று தேதி. மூன்றுக்கும் நேராக ஒரே வாசகம், 'மாற்றம் இல்லை'.

ஒன்பது மாதமாக அண்ணனையும் மேட்ரனையும் மணியம்மாவையும் சந்தேகப்பட்டது எல்லாம் வீண். தன்னை உள்ளே வைத்திருந்தது அவளேதான். முதல் நாளே ஒழுங்காக உட்கார்ந்துவிட்டாள். ஒழுங்கிலிருந்து ஒழுங்குக்கு எப்படித் தேறுவது?

முதலில் நேர்வழியில் போய்ப் பார்த்தாள். பெரிய டாக்டர் தட்டுகளைப் பார்வையிட வந்தபோது எழுந்து நின்று சொன்னாள்.

"ஐயா, என் மொத படம் நல்லா வந்துடுச்சு. அதனாலதான் மாற்றம் தெரியல. அந்தப் படத்த வெச்சுப் பாக்கக் கூடாதுங்க."

பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மரியாதையான மனிதர், யார் பேசினாலும் முழுதாகக் கேட்பார். கேட்டுவிட்டு நோட்டை எடுத்து எழுதினார். தலைகீழாகப் படிக்க அவளுக்கு நன்றாகத் தெரியும். 'இப்போது படத்தையும் சந்தேகிக்கிறார்' என்று எழுதினார்.

புத்தக வேலையிலேயே இரண்டு மாதத்துக்கு மேல் போய்விட்டது. அடுத்த கூட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. புத்தகத்துக்காக எல்லாத் தட்டுகளிலிருந்தும் புதுப் பிரதி போட்டு ஆல்பத்திலும் ஒட்ட உத்தரவாகியிருந்தது. அவளுடைய முதல் தட்டும் அடுக்கில் இருந்தது. எடுத்துச் சட்டத்தில் செருகினாள். அதில் இருந்த முகம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதைக் கெடுக்கப் பென்சில் போதாது. பென்சில் வெளுக்கத்தான் செய்யும், குழியையும் கோட்டையும் கத்தியால்தான் போட முடியும். ஒரு நாள் முழுக்கத் தட்டைச் செருகுவதும் எடுப்பதுமாக இருந்தாள். படக்காரர் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் காலை அவர் பென்சிலைச் சீவினார். சீவிய கத்தியை எப்போதும் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அன்று மேஜைமேல் வைத்தார். ரீடச் கத்தி, விரல் நீளம், இலை மாதிரி முனை.

"பிரதியெல்லாம் மொட்டை மாடியில காயப் போட்டுட்டு வரேன். அரை மணி ஆகும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டும் போனார்.

அவள் கத்தியைத் தொடவில்லை. பத்து வருஷமாகக் கத்தியை மறக்காதவர் இன்றைக்கு மட்டும் மறப்பாரா? அவர் அரை மணி என்று கணக்குச் சொல்லிவிட்டுப் போனதில்லை. கதவைச் சாத்தியதும் இல்லை. வெளியே மேட்ரன் நிற்கிறாள். கை கத்தியில் பட்டதும் கதவு திறக்கும். பூட்டு வார்டு. எழுந்துபோய்ச் சாவித்துவாரத்தில் பார்த்தாள். எதிர்ச்சுவர்தான் தெரிந்தது. திரைக்குப் பின்னால் பார்த்தாள். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். எங்கும் யாரும் இல்லாதது இன்னும் மோசமாகப் பட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது, எதிர்க்கட்டடத்து மொட்டை மாடியில் படக்காரர் நிஜமாகவே பிரதிகளைக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தார். காற்றில் வார்டு முழுவதும் ஆடிக்கொண்டிருந்தது. இடப்பக்கத்து முகங்களும் வலப்பக்கத்து முகங்களும் ஒரே கொடியில் தொங்கின.

பாதி நேரம் போய்விட்டது. கத்தியை எடுத்தாள்.

ஒரு முகத்தைக் கெடுக்கப் பத்துப் பன்னிரண்டு கீறல் போதும். பதினாறு வருஷமாக மற்றவர்கள் முகத்திலிருந்து எடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தன் முகத்தில் வைத்தாள். புருவத்துக்கு நடுவில் இருந்த நெட்டுக்கோடு மரக்கடை மூத்த மருமகளுடையது. வாயின் இடது ஓரத்துக் கோணல் அண்ணியுடையது, அதை அவள் ஒவ்வொரு படத்திலும் நிமிர்த்திக்கொடுத்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே குழி, ஒரு வக்கீலுடையது. நெற்றியோரத்திலிருந்து வெள்ளைச் சுவரில் பறக்கிற மாதிரி ஏழெட்டு முடி, அது மட்டும் யாருடையதும் இல்லை, சொந்தக் கற்பனை. கடைசியில் பென்சிலை எடுத்துக் கருவிழிக்குக் கீழே ஒரு இம்மி வெள்ளையைக் கூட்டினாள். தட்டில் இருந்தவள் யாரையோ கண்டு திடுக்கிட்டுப் பார்த்தாள்.

கதவு திறந்தது. கத்தி இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் தட்டு சட்டத்தில் இருந்தது.

படக்காரர் வந்து தட்டை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார். அவள் தன் மூட்டையை நினைத்தாள். பூட்டு வார்டுக்கு மூட்டை கொண்டுபோக விடுவார்களா, சீப்பை விடுவார்களா என்று நினைத்தாள்.

"ஜன்னல் வலது பக்கம்," என்றார் படக்காரர்.

அவள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நிழல் ரெண்டு கண்ணுக்கும் ஒரே மாதிரி விழாது. வலது கண்ணுக்குக் கீழ கொஞ்சம் பென்சில் போட்டு வெளுப்ப ஏத்திடுங்க." தட்டை மறுபடி சட்டத்தில் செருகிவிட்டு, கத்தியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இருட்டறைக்குள் போனார்.

அவர் ஏன் அப்படிச் செய்தார்? இரண்டு காரணம் சொல்லலாம். முதல் நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளைப் பார்த்ததிலிருந்தே இவளுக்கு நோய் ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அல்லது, அவள் வந்தபிறகு பெரிய டாக்டர் ரீடச்சை மட்டும் புகழ்ந்து, படம் எடுப்பவரைப் பற்றி வாயே திறக்கவில்லை. இவளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது என்று நினைத்திருப்பார். இரண்டில் எது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கேட்கவும் இல்லை. பென்சிலை எடுத்து வலது கண்ணுக்குக் கீழே வெளுப்பை ஏற்றினாள்.

கூட்டத்தன்று அவளைக் கூப்பிட்டார்கள்.

நீள மேஜையில் ஆல்பத்தில் அவளுடைய பக்கம் திறந்திருந்தது. பெரிய டாக்டர் நடுவில். ஓரத்தில் இருந்த இளைய டாக்டர் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன தடவ பாத்தப்ப இப்படி இல்லையே, சார்," என்றார் அவர்.

அவள் பெரிய டாக்டரைப் பார்த்தாள்.

பெரிய டாக்டர் லென்ஸை வைத்து இடப்பக்கத்து முகத்தைப் புருவத்திலிருந்து வாய்வரை மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "பழைய பிரதி மங்கிப் போயிருந்தது. தட்டுல எல்லாம் பதிஞ்சிருக்கும், தட்டு பொய் சொல்லாது," என்றார். "இந்தக் கோட்டை நான் மொத நாளே நேர்ல பாத்தேன். அன்னிக்கே சொன்னேன். உங்களுக்குத்தான் தெரியல."

இளைய டாக்டர் இன்னொரு முறை குனிந்து பார்த்துவிட்டு, "ஆமாம் சார். இப்பத் தெரியுது," என்றார். மூன்றாமவர் ஏற்கெனவே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பெரிய டாக்டர் ஆல்பத்தை அவள் பக்கம் திருப்பினார். இடப்பக்கத்துப் படத்தில் விரலை வைத்தார். "இது யாருன்னு தெரியுதாம்மா?"

அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். அண்ணி வாயும் வக்கீல் கண்ணும் மருமகள் கோடும் அவளைப் பார்த்தன. மரக்கடையில் சொன்ன அதே வாக்கியம் தொண்டைவரை வந்து நின்றது. இது நான் இல்ல. நான்தான் வெச்சேன். அதைச் சொன்னால் சத்தியம். சொன்னால் இந்த மேஜைக்கு முன்னால் இன்னொரு முறை வரவே முடியாது. சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. மணியம்மாவாக இருந்தால் மணி கேட்டிருப்பாள்.

"நான்தாங்க," என்றாள்.

"பயப்பட வேணாம். இப்ப அப்படி இல்ல நீ," என்றார் பெரிய டாக்டர் அன்பாக. கீழே 'மிக நல்ல முன்னேற்றம்' என்று எழுதி, 'மிக' என்பதற்கு அடியில் கோடும் போட்டார். அந்த ஜோடிப் படம் அவருடைய புத்தகத்தில் 'சந்தேகம்' என்ற அத்தியாயத்துக்கு முகப்பாக வந்தது. வேறெந்தப் படத்திலும் நோய் இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை என்று அதைப் படித்தவர்கள் சொன்னார்கள்.

நான்காம் நாள் அண்ணன் வந்தார். உறவினர் கையெழுத்துப் போட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும். பெரிய டாக்டர் பெருமையாக ஆல்பத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். அண்ணன் படத்தைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"அன்னிக்கு இவ இப்படித்தான் இருந்தா, டாக்டர். வண்டியில வர்றப்ப இந்த மொகத்தப் பாக்கவே எனக்குப் பயமா இருந்துச்சு."

அவள் அண்ணனின் கண்களை உற்றுப் பார்த்தாள். முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறவர், காதைப் பார்த்துத் தபால்காரரைத் தேர்ந்தெடுத்தவர். தட்டில் கீறல் எது, முகம் எது என்று அவருக்கா தெரியாது? நடிக்கிறாரா என்று தேடினாள். இமை துடிக்கவில்லை. நிஜமாகவே பயந்துபோனவரின் முகம் அது.

வண்டியில் ஏறியதிலிருந்தே அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். புது ரீடச்காரன் எல்லார் முகத்தையும் இட்லி மாதிரி வழுவழுவென்று செய்து வைக்கிறானாம். வேலை குவிந்து கிடக்கிறதாம். அவளுடைய மேஜையை அப்படியே வைத்திருக்கிறாராம்.

"மரக்கடையில அந்தப் படம் இன்னும் மாட்டியிருக்கா?" என்று கேட்டாள்.

"எது? பெரியவர் படமா? இருக்கே. போன மாசம்தான் புதுச் சட்டம் போட்டுக் குடுத்தேன்," என்றார் அண்ணன். பெரியவர் என்ற சொல்லைச் சொல்லும்போது அவர் குரலில் ஒன்றும் இல்லை. ஒரு சிரிப்புக்கூட இல்லை.

அண்ணி கொடுத்தனுப்பிய பையைத் திறந்தாள். மாற்றுத்துணி, தலைக்கு எண்ணெய், கைக்கண்ணாடி ஒன்று. ஒரு வருஷமாக அவள் கண்ணாடி பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் அதற்கும் தடை. எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தாள். வாய் கோணவில்லை. கண்ணுக்குக் கீழே குழி இல்லை. புருவத்துக்கு நடுவில் ஒரு கோடு இருந்தது.

கட்டைவிரலை நாக்கில் தொட்டு அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை. கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். நேராக, மெல்லியதாக, மருமகளுடைய அதே இடத்தில் அதே நீளத்தில் இருந்தது.

இந்தக் கண்ணாடியை எந்தக் கடையில் வாங்கினீர்கள், யார் வாங்கியது, வேறொரு கண்ணாடி இருக்கிறதா என்று கேட்க வாய் வந்தது. அண்ணன் பக்கம் திரும்பினாள். அவர் தோளுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி கேட் இன்னும் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. காவல்காரர் வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பதுகூடத் தெரிந்தது.

"என்ன?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணா," என்றாள். "கண்ணாடி நல்லா இருக்கு."